அரை மணி முன்னால்

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பெயர் அலாரம். டாக்டர்களுக்கு அலாரம், நர்சுகளுக்கு அலாரம் சார். எந்த நோயாளிக்கு, எந்த அறையில், எந்த டாக்டர், எத்தனை மணிக்கு ஆபரேஷன் செய்யப் போகிறார் என்பதை வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுவதுதான் அவர் வேலை. கேட்க லேசாகத் தோன்றும். மூன்று அறைகளையும் பதினோரு டாக்டர்களையும் ஒரே நாளுக்குள் அடக்கிப் பார்த்தால்தான் தெரியும், அது லேசா பாரமா என்று.

டாக்டர்கள் சொல்லும் நேரத்தை அவர் ஒருபோதும் அப்படியே நம்பியதில்லை. எலும்பு டாக்டர் "ஒரு மணி நேர வேலைதான்" என்றால் பலகையில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குவார். குடல் டாக்டரின் "பத்து நிமிஷம்" அரை மணி. வருகிற நேரத்துக்கும் இதே வைத்தியம்தான். ஒன்பதரைக்கு ஆரம்பிக்க வேண்டிய ஆபரேஷன் என்றால், எலும்பு டாக்டருக்கு ஒன்பது என்று சொல்வார். மயக்க மருந்து டாக்டர் சொன்னால் சொன்னபடி வருகிறவர் என்பதால் அவருக்கு மட்டும் ஒன்பதரை என்றே சொல்வார். இரண்டு பேரும் லிஃப்டில் ஒன்றாக ஏறி வருவார்கள். அலாரம் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருப்பார்.

கண் டாக்டர் ஒருவர்தான் இதைக் கண்டுபிடித்தவர். கண்டுபிடித்த மறுநாளே அவர் இன்னும் அரை மணி தாமதமாக வர ஆரம்பித்தார். அலாரம் சளைக்கவில்லை. அவருக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சொல்ல ஆரம்பித்தார். இந்த இழுபறி எதில் போய் முடியும் என்று நர்சுகள் தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள்.

அலுவலகத்து வித்தையை அலுவலகத்தோடு விட்டுவிட்டு வருகிற ஆண்கள் இருக்கிறார்கள். இவர் அந்த ரகம் இல்லை. கல்யாணமான புதிதிலேயே மனைவியை எடை போட்டுவிட்டார்: கிளம்புவதற்கு அரை மணி கூடுதலாக ஆகிற பெண். அன்றிலிருந்து எங்கே போவதானாலும் அவளிடம் அரை மணி முன்னதாகவே நேரம் சொன்னார். ஆறரைக்குப் படம் என்றால் ஆறு. பத்து மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஒன்பதரை. தான் சொன்ன பொய் நேரத்துக்கு மரியாதை கொடுப்பவர் போல, அந்த நேரத்துக்கு முன்பே ஸ்கூட்டரை வெளியே எடுத்து வைத்து, வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்.

"இன்னுமா? நான் மட்டும் போகட்டுமா?"

"இதோ வந்துட்டேன்!" என்று உள்ளேயிருந்து குரல் வரும். குரல் மட்டும்தான் வரும். ஆள் வருவதற்கு மிகச் சரியாக அரை மணி ஆகும். வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். தன்னைச் சமாதானம் செய்யத்தான் சிரிக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் நேரத்தோடுதான் கிளம்புகிறோம் என்பதால் உள்ளுக்குள் அவருக்குக் கோபமே கிடையாது. ஆனாலும் தெருமுனை வரை திட்டிக்கொண்டே ஓட்டுவார். இல்லாவிட்டால் குட்டு உடைந்துவிடும் அல்லவா?

மகளும் பிறந்து வளர்ந்து, அம்மாவோடு சேர்ந்து அரை மணி கழித்தே வாசலுக்கு வந்தாள். "ரெண்டும் ஒரே அச்சு" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகள் எங்கோ தொலைவில், வேறொரு ஊரில், கணவனும் கைக்குழந்தையும் வேலையுமாக ஓடிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அவர் ஒருவர்தான். ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் நேரத்தை நிர்வகிப்பது எவ்வளவு சுலபம் என்று அவருக்குத் தெரியவந்தது. குக்கர் சத்தம் அடங்குவதற்குள் குளித்துவிடுவார். சட்டையை முதல் நாளே தேய்த்து மாட்டியிருப்பார். சாப்பிட்ட தட்டைக் கை கழுவும்போதே கழுவி விடுவார், ஒரு தட்டுதானே. வேலைக்குக் கிளம்பத் தயாராகி, பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், இன்னும் நிறைய நேரம் கிடக்கும்.

அதுதான் தொல்லை. நேரத்தை மிச்சம் பிடிப்பதில் அவர் புலி. மிச்சம் பிடித்ததை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடும், நிற்கும். மாடி வீட்டில் ஒரு பெண் யாரையோ எழுப்பிக்கொண்டிருப்பாள், திரும்பத் திரும்ப. கத்துவதற்கு ஆள் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள் என்று தோன்றும். சாயங்காலம் இன்னும் மோசம். ஏழு மணிக்கெல்லாம் எல்லா வேலையும் முடிந்து, செய்வதற்கு ஒன்றுமே இல்லாத வீடு அவரைச் சுற்றி நிற்கும்.

மகளோடு போய் இருந்துவிடலாம் என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியாது. வந்தது போகவில்லை. ஆனால் வாயைத் திறந்து கேட்பதெப்படி? வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனிதர். போனில் கேட்க நா எழவில்லை. ஞாயிறுதோறும் அவள் கூப்பிடும்போது பின்னால் குழந்தை அழும், குக்கர் கத்தும், "அப்பா ஒரு நிமிஷம்" என்று போவாள். மகளின் ஒரு நிமிஷம் நாலு நிமிஷம் என்று அவர் கணக்கு வைத்திருந்தார். திரும்பி வந்ததும், "சரிம்மா, நீ வேலையைப் பாரு" என்று வைத்துவிடுவார். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய விஷயம் அது.

அந்தச் சமயத்தில்தான் மகள் ஒருநாள் கூப்பிட்டாள். "அப்பா, வியாழக்கிழமை ஆபீஸ்ல எல்லாரும் ஒரு வேன்ல வேலையா போறோம். உங்க ஊர் பைபாஸ் வழியாத்தான் போகும். வீட்டுக்கு வர முடியாதுப்பா. பெட்ரோல் பங்கு பக்கத்துல ஒரு ஓட்டல் இருக்குல்ல, அங்க சாப்பிட நிறுத்துவாங்க. வர்றீங்களா?"

"எத்தனை மணிக்கு?"

ஒரு கணம் யோசித்தாற்போல் இருந்தது. "அஞ்சரைக்குப்பா. ஆறு மணிக்குக் கிளம்பிடுவோம்."

"சரி, அஞ்சரைக்கு டாண்ணு அங்க நிப்பேன்."

"அப்பா..." என்று அவள் இழுத்தாள். "போன தடவை மாதிரி பண்ணிடாதீங்க."

போன தடவை அவள் பஸ்ஸில் வந்து இறங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே போய் வெயிலில் நின்றிருந்தார். தலை சுற்றிக் கீழே விழுந்து, நெற்றியில் மூன்று தையல். இறங்கிய மகள் முதலில் பார்த்தது இரத்தக் கறை படிந்த சட்டையோடு இளித்துக்கொண்டிருந்த அப்பாவைத்தான். தையல் போடக் கூட்டிப்போன ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அழுது தீர்த்துவிட்டாள். இனிமேல் சொன்ன நேரத்துக்குத்தான் வருவேன், ஒரு நிமிஷம் முன்னால் வர மாட்டேன் என்று அன்றைக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அதெல்லாம் ஞாபகம் இருக்கு. சொன்ன நேரத்துக்குத்தான் வருவேன்" என்றார் இப்போது.

"ம்" என்றாள் மகள். அந்த 'ம்'மில் நம்பிக்கையே இல்லை. அது அவருக்கு உறைத்தது. இந்த முறை காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அரை மணியை அவர் ஆபரேஷன் தியேட்டர் போலவே பிரித்து வைத்தார். எழுதிக்கொள்ளவில்லை, இதற்கெல்லாம் பலகை வேண்டுமா? முதல் பத்து நிமிடம் சாப்பாடு. உருளைக்கிழங்கு வறுவல் அவளுக்கு உயிர். ஓட்டலில் என்ன இருந்தாலும் இதை ஒரு வாயாவது சாப்பிடுவாள். அடுத்த பத்து நிமிடம் குழந்தையின் படங்கள், மாப்பிள்ளையின் வேலை, அவள் கேட்டிருந்த அம்மாவின் கம்பளிச் சட்டையைக் கொடுப்பது. கடைசிப் பத்து நிமிடம் அந்தக் கேள்விக்கு. கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருந்தது. அவள் தயங்கினாலும் நீண்ட நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். வேன் கிளம்பிவிடும்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டார். "அலாரம் சார் லீவா?" என்று தலைமை நர்ஸ் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "இன்னிக்கு யாரு ஒழுங்கா வருவாங்க?"

"கண் டாக்டருக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

மத்தியானம் வறுவல் செய்து டப்பாவில் அடைத்தார். கம்பளிச் சட்டையை மடித்துப் பையில் வைத்தார். இரண்டையும் ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழே வைக்கும்போது, சட்டைப் பையில் குத்திக்கொண்டிருந்த போனையும் அதிலேயே போட்டு மூடினார். என்னதான் மனதைக் கட்டிப் போட்டாலும் கால் கேட்கவில்லை. பைபாஸை நெருங்கும்போது மணி ஐந்துகூட ஆகவில்லை.

தூரத்தில் ஓட்டலின் பலகை தெரிந்தது. அப்படியே போய் வாசலில் நின்றுவிட ஆசைதான். ஆனால் கொடுத்த வாக்கு? வேன் வந்து நிற்கும்போது தான் அங்கே நின்றிருந்தால், "பாத்தீங்களா, வந்து நிக்கிறீங்க" என்று அவள் முகம் சுருங்கும். அவள் மனம் குளிர வேண்டிய நாள் இது, அதுவும் கடைசிப் பத்து நிமிடத்தை மனதில் வைத்துப் பார்த்தால். ஓட்டலுக்கு முன்னால் சாலை வளைகிற இடத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. ஸ்கூட்டரை அதன் ஓரமாக மர நிழலில் நிறுத்தினார்.

"என்ன சார், காத்து இறங்கிடுச்சா?" என்றார் கடைக்காரர்.

"இல்லப்பா, கொஞ்சம் முன்னாடி வந்துட்டேன். இப்படி உக்காந்துக்கட்டுமா?"

"தாராளமா உக்காருங்க. எங்க போகணும்?"

"அதோ, அந்த ஓட்டலுக்குத்தான்."

கடைக்காரர் ஓட்டலையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். கூப்பிடு தூரம்கூட இல்லை. டயரைக் கழற்றப் போய்விட்டார். அலாரம் ஓட்டலுக்கு முதுகைக் காட்டியபடி பெஞ்சில் உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்று அவருக்கே தன் மேல் சந்தேகம். கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். 'நான் உன்கூட வந்து இருக்கட்டுமா?' பிச்சை கேட்பது போல இருந்தது. 'எனக்கு இங்க ஒண்ணும் வேலை இல்லை, குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணுமில்ல?' இது வியாபாரம் பேசுவது போல இருந்தது. திருப்பித் திருப்பிச் சொல்லி, கடைசியில் முதலில் சொன்னதே தேவலாம் என்று முடிவு செய்தார். அவர் முதுகுக்குப் பின்னால் வண்டிகள் வந்து நின்றன, போயின.

கடிகாரம் ஐந்தரையைத் தொட்டதும் டப்பாவையும் பையையும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடமும் பிசகாமல் ஓட்டல் வாசலில் போய் நின்றார். முகத்தில் வெற்றிக் களை.

வேன் ஏற்கெனவே நின்றிருந்தது. சாப்பிட்டு முடித்த ஏழெட்டுப் பேர் பல் குத்திக்கொண்டு வெளியே நின்றிருந்தார்கள். டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் வாசல் படியில் போனைக் காதில் வைத்தபடி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"எங்கப்பா போனீங்க? என்ன ஆச்சு? எத்தனை தடவை கூப்பிட்டேன், போனை எடுக்கவே இல்ல!"

"சரியாத்தானே வந்தேன்? மணியைப் பாரு, அஞ்சரை."

"நாங்க அஞ்சு மணிக்கே வந்துட்டோம்பா."

அவருக்குப் புரியவில்லை. வேன் சீக்கிரம் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"இல்லப்பா. அஞ்சு மணிக்குத்தான் வர்றதா இருந்துச்சு. நீங்க எப்படியும் அரை மணி முன்னாடி வந்து நிப்பீங்க. அதனாலதான் அஞ்சரைன்னு சொன்னேன். நீங்க அஞ்சுக்கு வருவீங்க, நானும் அஞ்சுக்கு வருவேன், நின்னு காத்துக்கிட்டிருக்க வேணாம், ஒரு மணி நேரம் சேந்து இருக்கலாம்னு நினைச்சேன்." அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்குன்னு பாத்து எங்க போனீங்க?"

பஞ்சர் கடையைக் கையால் காட்டினார். மகள் அந்த வளைவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அவர் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். வயிறு நிறைந்திருந்தாலும் அவள் இரண்டு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர் மனம் மட்டும் அவள் சொன்ன அந்த அரை மணியிலேயே நின்றுவிட்டது.

"நான் அரை மணி முன்னாடி வருவேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அம்மாதான்."

"அம்மாவா?"

"அம்மாவுக்கு எல்லாம் தெரியும்பா. கல்யாணம் ஆன மொத மாசமே கண்டுபிடிச்சுட்டாங்களாம். நீங்க ஆறுன்னு சொன்னா நிஜத்துல ஆறரைன்னு. நான் ஸ்கூல் போற வயசுலயே எனக்கும் சொல்லிக் குடுத்துட்டாங்க." மகள் இன்னொரு துண்டை எடுத்தாள். "நீங்க வாசல்ல நின்னு கத்தும்போது நாங்க ரெண்டு பேரும் ரெடியாகி, செருப்புகூடக் கையில எடுத்து வச்சுக்கிட்டு, கட்டில்ல உக்காந்திருப்போம். 'இன்னும் அரை மணி இருக்கு, அப்பா பாவம் கத்தட்டும்'னு அம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. அம்மா ஒரு நாளும் லேட்டா வந்ததே இல்லப்பா."

அலாரம் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் போவது தெரிந்தது. சட்டென்று நினைவு வந்தவராக, பையிலிருந்த கம்பளிச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை முகத்தில் வைத்துக்கொண்டாள். குழந்தையின் படத்தைப் போனில் காட்டினாள். அவர் பார்த்தார், என்ன பார்த்தோம் என்று பிறகு அவருக்கு நினைவில்லை. இதோ, கேள்வியின் முறை வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெளியே ஹாரன் அடித்தது.

"ஆறு ஆகலையே?" என்றார்.

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு ரொம்ப நேரம் ஆச்சுப்பா. இருட்டுறதுக்குள்ள போகணும்னு டிரைவர் சொல்லிக்கிட்டே இருந்தார்." மறுபடியும் ஹாரன். மகள் டப்பாவை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். "போற வழியில சாப்பிடறேன். உடம்பைப் பாத்துக்கோங்கப்பா. எதாவது சொல்லணுமா? என்னமோ மாதிரி இருக்கீங்க."

சொல்ல வேண்டியதை அவர் பத்து நிமிடத்துக்கு என்று தைத்து வைத்திருந்தார். அது ஹாரன் சத்தத்துக்குள் அடங்குகிற அளவில் இல்லை.

"ஒண்ணுமில்ல. போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றார்.

வேன் போய் வெகுநேரம் வரை கையைத் தூக்கியபடி நின்றார். ஸ்கூட்டரிடம் வந்து இருக்கையைத் தூக்கினால், அவசரத்தில் எடுக்காமல் விட்ட போன் கிடந்தது. மகள் கூப்பிட்டிருந்தாள், ஆறு முறை. முதல் அழைப்பு ஐந்து மணி தாண்டிய சற்று நேரத்தில். அவர் முதுகைத் திருப்பி உட்கார்ந்து கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"என்ன சார், பாத்தாச்சா?" என்றார் பஞ்சர் கடைக்காரர்.

"பாத்தாச்சுப்பா" என்றார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டார். செருப்பைக் கழற்றவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போனார். கட்டிலில் எப்போதும் தன் பக்கத்தில்தான் படுப்பார். அந்தப் பக்கம், ஜன்னலோரம், மனைவியுடையது. இரண்டு வருடமாக விரிப்புக் கலையாமல் கிடக்கிறது. அதன் விளிம்பில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக வாசல் முழுதும் தெரிந்தது. ஸ்கூட்டர் நின்ற இடம், கேட், அவர் நின்று கத்துகிற இடம். எல்லாம் பத்தடி தூரம்.

இங்கேதான் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கிளம்பத் தயாராக, சிரித்துக்கொண்டு. அவர் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுவர்தான் நடுவில். ஒவ்வொரு பயணத்துக்கும் அரை மணி. ஒரு தரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். தோன்றவே இல்லையே. நேரத்தை மிச்சம் பிடித்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்தது. துடைத்துவிடுவதற்கு அவசரம் ஒன்றும் இல்லாததால் அழுது முடித்தார்.

பிறகு போனை எடுத்தார். நல்ல நேரம் பார்க்கவில்லை, வார்த்தைகளை அடுக்கவில்லை. மகள் எடுத்தாள், பின்னால் வேன் இரைந்தது.

"என்னப்பா? வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"போயிட்டேன். ஒண்ணு கேக்கணும். நான் உன்கூட வந்து இருக்கட்டுமா? இங்க என்னால தனியா முடியலம்மா."

அவர் காத்திருந்தார்.

"அப்பா..." என்றாள் மகள். "வீடு ரெண்டே ரூம்பா, உங்களுக்கே தெரியும். அவர்கிட்டயும் பேசணும். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்கப்பா. சொல்றேன்."

எலும்பு டாக்டரின் ஒரு மணி எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். குடல் டாக்டரின் பத்து நிமிஷமும் தெரியும். மகளின் கொஞ்சம் எவ்வளவு என்று மட்டும் அவரிடம் கணக்கு இல்லை. எப்போது சொல்வாய் என்ற கேள்வி, பழக்க தோஷத்தில், நாக்கு நுனி வரை வந்தது.

"எடுத்துக்கோம்மா" என்றார்.

போனை மடியில் வைத்துக்கொண்டு, செருப்புக் காலோடு, மனைவியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வாசலில் ஒருவரும் இல்லை.